சதுர அடிக்கு வெளியே பாருங்கள்: சென்னையில் வீடு தேடுவோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னையில் வீடு காட்டுகிறவர்கள் வீட்டுக்குள் இருப்பதைத்தான் காட்டுவார்கள்: டைல்ஸ், மாடுலர் கிச்சன், கிழக்குப் பார்த்த வாசல், காற்றோட்டம். குடிபோன பிறகு தூக்கத்தைக் கெடுப்பவை பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். டிசம்பரில் தெருவில் நிற்கும் தண்ணீர், மே மாதம் குழாயில் வராத தண்ணீர், சார்பதிவாளர் அலுவலகப் பதிவேட்டில் கிடக்கும் ஒற்றை வரி, கையெழுத்துப் போடாத ஓனரின் தங்கை என்று அந்தப் பட்டியல் நீளும்.

2011இல் 426 சதுர கிலோமீட்டராக விரிந்த மாநகராட்சியில் 200 வார்டுகள். ராயபுரத்துக்குப் பொருந்துவது சோழிங்கநல்லூருக்குப் பொருந்தாது; தாம்பரமும் ஆவடியும் இப்போது தனி மாநகராட்சிகள். வாடகைக்கோ விலைக்கோ, எந்தப் பகுதியானாலும் வீட்டுக்குள் பார்க்கும் நேரத்தைப்போல இரு மடங்கு நேரத்தை வெளியே பார்க்கச் செலவிடுங்கள். எங்கே, எதைப் பார்ப்பது என்பதற்கு இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

1. வெள்ளத்தின் தடத்தைத் தேடுங்கள்.

2015 டிசம்பரில் அடையாறு கோட்டூர்புரம், ஜாபர்கான்பேட்டை, முடிச்சூர் வரை வீடுகளுக்குள் நுழைந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் மடிப்பாக்கமும் வேளச்சேரியும் தத்தளித்தன. வடக்கே புளியந்தோப்பும் பட்டாளமும் தப்பவில்லை. விற்பவர் “நம்ம தெருவுல ஒரு சொட்டு நிக்காது சார்” என்பார். சுற்றுச்சுவரின் உட்பக்கம் பாருங்கள்: புதுப் பெயின்டுக்குக் கீழே ஒரே மட்டத்தில் நீளும் பழுப்புக் கோடு, வாட்ச்மேன் அறைக் கதவின் அடியில் உப்பிய பிளைவுட், மற்ற கட்டடங்களில் இடுப்பு உயரத்தில் இருக்கும் மின் மீட்டர் பெட்டி இங்கே மட்டும் தலைக்கு மேல் ஏற்றப்பட்டிருப்பது. பிறகு தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் போய், “அண்ணே, மிக்ஜாம் அப்போ இங்க எவ்வளவு தண்ணி?” என்று கேளுங்கள். “உங்களுக்கு முட்டி வரைக்கும்தான் சார். அந்தக் கடைசி பிளாட்டுக்கு இடுப்பளவு. படகு வந்துச்சு” என்று கதவு எண்ணோடு சொல்வார். அவருக்குக் கமிஷன் கிடையாது.

2. தெரு மட்டத்தையும் வாசல் மட்டத்தையும் ஒப்பிடுங்கள்.

பழைய தார்ச்சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச்சாலை போட்டுப்போட்டு, தி.நகரிலும் நங்கநல்லூரிலும் பல பழைய வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டன. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் அரசு அறிவுறுத்தியது. அதற்கு முன் ஏறிய உயரம் அப்படியேதான் இருக்கிறது. வாசலில் இருந்து தெருவுக்கு இறங்கினால் நல்லது. ஏறினால் மழைநீர் வடிகால் எந்தப் பக்கம், அது எந்தக் கால்வாயில் போய்ச் சேர்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

3. மே மாதத் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது குடம் வைத்து வரிசையில் நின்றதை இந்த ஊர் மறந்திருக்காது. மெட்ரோ வாட்டர் இணைப்பு இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள்: தினமுமா, ஒன்றுவிட்டு ஒருநாளா, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்? பழைய மகாபலிபுரம் சாலையோர அடுக்குமாடிகள் பலவற்றில் லாரித் தண்ணீர்தான் பிழைப்பு. அங்கே சங்கச் செயலாளரிடம் ஏப்ரல், மே மாத டேங்கர் பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பராமரிப்புக் கட்டணம் ஏன் கோடையில் எகிறுகிறது என்பது புரியும். போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் அடியில் செம்மண் நிறம் படிந்தால் இரும்பு; வாயில் வைத்தால் கரிக்கிறதா என்பதைக் கடலோரப் பகுதிகளில் கட்டாயம் பாருங்கள்.

4. வில்லங்கச் சான்றை வரி வரியாகப் படியுங்கள்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்தாலே வில்லங்கம் தெரியும். குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பாருங்கள். “உரிமை ஆவணங்கள் ஒப்படைப்பு” என்று ஒரு பதிவு இருந்தால் வங்கியில் அடமானம் இருக்கிறது என்று பொருள். அதற்கு ஈடான ரசீதுப் பதிவு பின்னால் வந்திருக்கிறதா என்று தேடுங்கள். வில்லங்கச் சான்று சொல்லாதவையும் உண்டு: பதிவு செய்யாத உயில், பதிவாகாத விற்பனை ஒப்பந்தம், நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் பாகப்பிரிவினை வழக்கு. அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஆவணம் கேளுங்கள். இடையில் ஒருவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். 1989இல் தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தமும் 2005இல் மத்தியச் சட்டத்திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கு உரிமை கொடுத்துவிட்டன. “தங்கச்சிக்குத்தான் நகை போட்டு அனுப்பிட்டோமே” என்பது குடும்பத்துக்குள் எடுபடலாம், நீதிமன்றத்தில் எடுபடாது.

5. நிலத்தின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பட்டாவும் நில அளவை வரைபடமும் தமிழக அரசின் இணையச் சேவையில் கிடைக்கின்றன. நகருக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகலை வாங்குங்கள். ஏரிப் புறம்போக்கா, கோயில் நிலமா, வக்ஃப் சொத்தா என்பது முதலில் இங்கேதான் தெரியவரும். மயிலாப்பூரில் கோயில் மனையில் தலைமுறைகளாக வாடகை கட்டிக் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. கட்டடம் அவர்களுடையதாக இருந்தாலும் மண் அவர்களுடையதல்ல. இரண்டாம் மாஸ்டர் பிளானில் அந்தச் சர்வே எண் குடியிருப்புப் பகுதியா, தொழிற்பகுதியா, நீர்நிலையா என்பதையும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் சரிபாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதை ஒட்டிய மனைக்கு “லேக் வியூ” என்று கூடுதல் விலை சொன்னால், அனுமதிக் கடிதத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

6. கட்டுமானத்தில் இருக்கும் வீடென்றால் ரெரா எண்ணைக் கேளுங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டமோ ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யப்படாமல் விளம்பரம்கூடச் செய்ய முடியாது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் தருபவை மூன்று: கார்பெட் ஏரியா கணக்கில் விற்பனை, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கத் தடை, ஒப்படைத்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் கட்டியவரே தன் செலவில் சரிசெய்யும் கடமை. “சூப்பர் பில்டப் 1,200” என்று சொன்னால் கார்பெட் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். படிக்கட்டும் லிப்ட்டும் லாபியும் உங்கள் கட்டில் போடும் இடமல்ல.

7. யூ.டி.எஸ். எவ்வளவு என்று பத்திரத்தில் பாருங்கள்.

அடுக்குமாடியில் உங்களுக்கு உண்மையில் சொந்தமாகும் மண், அந்தப் பிரிக்கப்படாத பங்குதான். கட்டடம் வயதாக வயதாகத் தேயும். மண்ணின் விலை ஏறும். அசோக் நகர், கே.கே. நகர் பக்கம் வீட்டுவசதி வாரியத்தின் பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளுக்கு இவ்வளவு கிராக்கி ஏற்படக் காரணம், ஒவ்வொரு சிறிய வீட்டுக்கும் பின்னால் இருக்கும் பெரிய பங்கு. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இன்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அந்த நாளில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் குரலுக்கு எடை.

8. வாடகைக்கு என்றாலும் எழுத்தில் வாங்குங்கள், பதிவு செய்யுங்கள்.

2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி ஒப்பந்தத்தை எழுதி வாடகை அதிகார அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக்கூடாது. தகராறு வந்தால்கூடத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக்கூடாது. “வேறு உடன்பாடு” என்ற ஓட்டை வழியாகத்தான் ஆறு மாதம், பத்து மாதம் இன்னும் புழங்குகிறது. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், சப்-மீட்டரா அல்லது மின்வாரியத்தின் தனி மீட்டரா என்பதைக் கையெழுத்துப் போடும் முன் பேசிவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை, யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் வசூலிக்கும் வீட்டில் உங்கள் கைக்கு வராது.

9. விலைக்கு மேல் வரும் செலவைத் தனியாக எழுதி வையுங்கள்.

பழைய வீடோ மனையோ கிரயம் செய்தால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. பொதுவாக 5 சதவீதம். பணிநிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் இல்லை. விலை 50 லட்சத்தைத் தொட்டால் 1 சதவீதத்தை விற்பவரிடம் பிடித்து வருமான வரித்துறைக்கு நீங்கள்தான் கட்ட வேண்டும். இதோடு கார்பஸ் தொகை, தரகு, பட்டா மாற்றம், சொத்துவரி மற்றும் மின் இணைப்புப் பெயர் மாற்றம். வங்கிக் கடன் இவற்றில் பலவற்றுக்குக் கிடைக்காது. கையிருப்பில் இருந்துதான் போகும்.

10. அந்தப் பகுதியின் நாள்காட்டியைக் கேளுங்கள்.

பங்குனி அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் வண்டி எடுக்க முடியாது. பெசன்ட் நகரில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தில் இருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி மாதா கோயில் கூட்டம். காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். சௌகார்பேட்டையில் தீபாவளி நமக்கு முடிந்த பிறகும் சில நாள் தொடரும். இவை குறைகள் அல்ல. அந்தந்தப் பகுதியின் உயிர். தெரிந்துகொண்டு போனால் ரசிக்கலாம். தெரியாமல் போய்விட்டு, காலங்காலமாக நடக்கும் திருவிழா மேல் போலீசில் புகார் கொடுப்பவராக ஆகிவிடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

1. வரப்போகும் ரயிலுக்கு இன்றைக்கே காசு கொடுக்காதீர்கள்.

வேளச்சேரியில் இருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்ட வெறும் 5 கிலோமீட்டர். 2008இல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கத்தில் சிறு தொலைவுக்கு நிலம் கையகப்படுத்துவதில் சிக்கி, பதினைந்து ஆண்டுக்கு மேல் இழுத்தது. அதை நம்பி வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டார்கள். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர், மூன்று வழித்தடங்கள். பணி நடக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் இன்றைக்கு ஓடும் பேருந்தில், திங்கட்கிழமை காலை எட்டரைக்கு, அந்த வீட்டில் இருந்து அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்த நேரத்தோடு வாழ முடியுமென்றால் வாங்குங்கள். ரயில் வந்தால் அது லாபம்.

2. “பஞ்சாயத்து அப்ரூவல்” என்ற சொல்லில் மயங்காதீர்கள்.

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தர ஊராட்சித் தலைவருக்கு அதிகாரமில்லை. பெருநகர எல்லைக்குள் வளர்ச்சிக் குழுமமும், வெளியே நகர ஊரமைப்பு இயக்ககமும்தான் தர வேண்டும். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடைபோட்டபோது, இந்தப் பக்கம் ஊரப்பாக்கம், அந்தப் பக்கம் திருநின்றவூர் என்று புறநகரே திகைத்து நின்றது. 2016 அக்டோபர் 20க்கு முன் பிரிக்கப்பட்ட மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் வாய்ப்பு வந்தது. அந்த வரன்முறை உத்தரவு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா என்று குறித்த இடம் இன்றும் காலியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது மனையாகி வேலிபோட்டிருந்தால் விற்பவரின் நேர்மை பற்றி வேறு விசாரணை வேண்டாம்.

3. பவர் பத்திரத்தைக் கிரயப் பத்திரமாக எண்ணாதீர்கள்.

பொது அதிகாரப் பத்திரம் மூலம் உரிமை மாறாது என்று 2011இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் வாங்கியவர் உங்களுக்குக் கிரயம் செய்து கொடுக்கலாம். ஆனால் பவர் கொடுத்தவர் அன்றைக்கு உயிரோடு இருக்க வேண்டும், அதை ரத்து செய்யாமலும் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் ஓனரோடு வீடியோ அழைப்பில் ஐந்து நிமிடம் பேசுவதற்குத் தரகர் தயங்கினால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

4. டோக்கன் அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

“இன்னொரு பார்ட்டி சாயங்காலம் வர்றாங்க, ஒரு லட்சம் போட்டு வைங்க” என்பது இந்த ஊரில் தினமும் கேட்கும் வசனம். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வருமான வரிச் சட்டப்படி அபராதம் உண்டு. வங்கி வழியாக, விற்பவரின் பெயருக்கே அனுப்புங்கள். ஆவணம் சரியில்லை என்றால் எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்.

5. “பேங்க்ல லோன் அப்ரூவ் ஆயிடுச்சு” என்பதோடு நிம்மதி அடையாதீர்கள்.

வங்கி பார்ப்பது தன் பணம் திரும்பி வருமா என்பதை. தவணை கட்டப்போவது நீங்கள். சொத்தில் வழக்கு வந்தாலும் தவணை நிற்காது. உங்கள் வழக்கறிஞர் உங்களிடம் கட்டணம் வாங்குபவராக இருக்கட்டும். கட்டியவர் அறிமுகம் செய்யும் வழக்கறிஞர் வேண்டாம்.

6. பிளானில் இல்லாத மாடியில் வீடு வாங்காதீர்கள்.

அங்கீகரித்த வரைபடத்தில் தரைத்தளமும் இரண்டு மாடியும். கண்ணுக்கு முன்னால் மூன்று மாடி. மேல் வீடு சந்தையைவிட மலிவு என்றால் காரணம் அதுதான். பணிநிறைவுச் சான்று கிடைக்காது, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் இழுபறி, மறுவிற்பனை கஷ்டம். பொதுவான கார் நிறுத்துமிடத்தைத் தனியாக விலைபோட்டு விற்பதும் செல்லாது. 2010இல் உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது.

7. விசாரிக்காமல் லீசுக்குப் போகாதீர்கள்.

மொத்தமாகப் பத்து, பதினைந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பது கேட்க இனிக்கும். அந்த வீட்டின் மேல் ஓனர் வங்கிக் கடன் வாங்கித் தவணை கட்டாமல் விட்டால், ஒருநாள் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டும். அப்போது உங்கள் பணம் ஓனரின் சொல்லில் மட்டும்தான் இருக்கும். வில்லங்கம் பாருங்கள், ஒப்பந்தத்தைச் சார்பதிவாளரிடம் பதிவு செய்யுங்கள். அதற்கு ஓனர் ஒத்துக்கொள்ளாவிட்டால் மாத வாடகையே மேல்.

8. வாஸ்துவுக்கு ஒதுக்கும் நேரத்தைக் கழிவுநீருக்குக் கொடுக்காமல் இருக்காதீர்கள்.

பாதாளச் சாக்கடை இணைப்பா, செப்டிக் டேங்கா, கழிவுநீர் லாரி மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது? சமையலறை அக்னி மூலையில் இருந்தும், கழிவுநீர் குளியலறை வழியாகத் திரும்பி வந்தால் எந்த மூலையும் உதவாது.

9. பகுதியின் பெயரை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

“நார்த் மெட்ராஸா? வேண்டாம் சார்” என்கிற பலர் பாலத்தைத் தாண்டிப் போனதே கிடையாது. பெரம்பூரில் ரயிலும் பழைய பள்ளிகளும் அகலமான ரயில்வே காலனித் தெருக்களும் இருக்கின்றன. அதே வடக்கில் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கும், மணலி, எண்ணூர் ஆலைகளும் உண்டு; 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆலைக்கும் கிடங்குக்கும் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி. தெற்கேயும் பெருங்குடியில் குப்பைக் கிடங்கு இருந்தது. அங்கே யாரும் பெயரைக் கேட்டு மூக்கைப் பொத்தவில்லை. “டீசன்ட்டான ஆளுங்க இருக்கிற ஏரியா” என்று தரகர் சொன்னால் அவர் சாதியைப் பற்றிப் பேசுகிறார் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்தச் சொல்லுக்காக ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

10. வீடு விடுபவரா? பெயரைக் கேட்டுவிட்டு அப்பா பெயரையும் ஊரையும் துருவாதீர்கள்.

“வெஜிடேரியன் ஒன்லி” பலகை, “பேச்சிலருக்கு இல்லை”, பெயரைச் சொன்னதும் “நேத்துதான் முடிஞ்சுபோச்சு தம்பி” என்ற பதில். முஸ்லிம் குடும்பங்களும் தலித் இளைஞர்களும் தனியாக வேலை பார்க்கும் பெண்களும் திருநங்கைகளும் இதை வாரந்தோறும் கேட்கிறார்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்றுதான்: வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைப் பத்திரமாக வைத்திருப்பாரா, சொன்ன தேதியில் காலி செய்வாரா. இவை மூன்றுக்கும் விடை வேலை செய்யும் இடத்திலும் முந்தைய ஓனரிடமும் கிடைக்கும், ஜாதகத்தில் கிடைக்காது. வீடு தேடுபவர்களும் கவனியுங்கள். உங்களுக்குச் சுலபமாகக் கிடைத்த வீடு இன்னொருவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்பதும் தெருவைப் பற்றிய தகவல்தான். சமையல் வாசனைக்குச் சண்டை பிடிக்கும் கட்டடம், நாளைக்கு உங்கள் வீட்டு விருந்தாளிக்கும் உங்கள் மகள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கும் கணக்குக் கேட்கும்.

இத்தனையும் பார்க்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதற்குள் அந்த வீடு வேறொருவருக்குப் போய்விடலாம். போகட்டும், அவசரப்படுத்தி விற்கப்படும் வீட்டில் அந்த அவசரத்துக்கான காரணம் பெரும்பாலும் சதுர அடிக்கு வெளியேதான் இருக்கும். நகல்களைத் தயங்காமல் கொடுத்து, “எல்லாத்தையும் பார்த்துட்டு நிதானமா வாங்க” என்று சொல்லும் ஓனரும் இந்த ஊரில் உண்டு. அவரிடம் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை.